பக்கத்து இருக்கைக்காகப் படம் பார்ப்பவர்கள்

சினிமா பார்ப்பவர்களை அழுகிறவர்கள், தூங்குகிறவர்கள் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. இவர்கள் தங்களுக்காகப் படம் பார்ப்பதில்லை, பக்கத்து இருக்கையில் இருப்பவருக்காகப் பார்க்கிறார்கள். திரையில் நல்ல வசனம் ஒன்று வந்தால், அது பக்கத்தில் இருப்பவர் காதில் சரியாக விழுந்ததா என்று திரும்பிப் பார்ப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். குடிகாரன் குடல் வெந்து சாகும்போது கணவனின் விலாவில் இடிக்கும் மனைவி, தம்பி காலில் விழும் காட்சியில் தொண்டையைச் செருமும் அண்ணன், எல்லாரும் ஒரே சாதிதான். ஆனால் இந்த இனத்தின் சிகரம் என்று நான் கருதுவது, பதினேழு வயது மகளை அம்மா-மகள் கதைப் படத்துக்கு அழைத்துப் போகும் தாயைத்தான்.

என் அக்கா அந்தச் சிகரம்.

அக்கா பல் மருத்துவர். இருபத்திரண்டு வருடங்களாக வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவள். கேள்வியை அவளே கேட்டு, பதிலையும் அவளே சொல்லி, எதிரில் இருப்பவர் ‘ஆ’ என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாள். வீட்டிலும் அதே முறைதான். ஒரே மகள் பள்ளிப் படிப்பை முடித்த அன்றே கிளினிக்கில் இரண்டாவது நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டாள். மகளும் பல் டாக்டராகி வந்து அதன் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான் பாக்கி. மகளிடம் கேட்பது மட்டும் விட்டுப்போயிருந்தது.

இந்த நிலையில் அந்தப் படம் வந்தது. சலவைக்கடை நடத்தும் ஓர் அம்மா, வெளியூர் போய்ப் படிக்க ஆசைப்படும் அவள் மகள். மகளுக்கு வந்த கல்லூரிக் கடிதத்தை அம்மா ஒளித்து வைக்கிறாள். மகள் கண்டுபிடிக்கிறாள், சண்டை போடுகிறாள், போயே விடுகிறாள். கடைசியில் எங்கோ ஓர் அறையில் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு அம்மாவுக்கு போன் செய்கிறாள். அவ்வளவுதான் கதை.

அக்கா எனக்கு போன் செய்தாள். பல் அடைக்க வந்த ஓர் அம்மாள் சொன்னாளாம், மகளோடு பார்க்க வேண்டிய படம் என்று. “இவளுக்கு நானா சொன்னா ஏறாது. படம் சொல்லட்டும்” என்றாள். ஒரு மணி நேரம் கழித்து அக்கா மகள் போன் செய்தாள். அவளுக்குப் பாறைகளைப் பற்றிப் படிக்க, ரயிலில் ஒரு நாள் தூரத்திலுள்ள கல்லூரியில் இடம் கிடைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. “அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல சித்தி. அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனா அவங்களுக்கே புரியும்” என்றாள். இனம் என்றேன் அல்லவா? தாய் வழியாகத்தான் வருகிறது.

மத்தியானக் காட்சி. நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். திரையில் மகள் கதவை அறைந்து சாத்தியபோது வலது பக்கத்திலிருந்து அக்காவின் முழங்கை வந்தது. அம்மா கடிதத்தை ஒளித்தபோது இடது பக்கத்திலிருந்து மகளின் முழங்கை வந்தது. இடைவேளைக்குள் என் விலா இரண்டும் கன்றிவிட்டன. அக்கா ஒரே ஒரு கருத்துதான் சொன்னாள். “ஒளிச்சா வச்சா? பத்திரமா எடுத்து வச்சிருக்கா.”

முடிவில் இருவரும் அழுதார்கள். ஒருவர் கண்ணீரை மற்றவர் எட்டிப் பார்த்தார். மகள் திருந்திவிட்டாள் என்று அம்மாவுக்கு நிம்மதி. அம்மா திருந்திவிட்டாள் என்று மகளுக்கு நிம்மதி. படம் எடுத்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வண்டி நிறுத்தும் இடம் வரை அந்த நிம்மதி தாங்கியது. கார்க் கதவைத் திறந்துகொண்டே அக்கா, அந்தப் பெண்ணுக்குக் கடைசியிலாவது புத்தி வந்ததே என்றாள். மகள் ஏறவில்லை.

“அம்மா, எனக்கு காலேஜ்ல இடம் கிடைச்சிருச்சு. பல் இல்ல. பாறை.”

அக்காவின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. இருபத்திரண்டு வருடங்களில் நாற்காலியின் அந்தப் பக்கத்து அனுபவம் அவளுக்கு அன்றுதான் கிடைத்தது. பிறகு, “படம் ரொம்ப நீளம்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் அக்கா மத்தியானம் வர வேண்டியவர்களை எல்லாம் மறுநாள் வரச் சொல்லிவிட்டு, அதே படத்துக்குத் தனியாகப் போனாள். இரண்டு பக்கமும் இருக்கை காலி. இடிக்க ஆளில்லாததால் வேறு வழியின்றித் திரையைப் பார்த்திருக்கிறாள். வெளியே வந்ததும் என்னை அழைத்தாள்.

“அந்த அம்மா, மகளை ஒரு பேச்சை முடிக்க விடலடி. எண்ணினேன். பதினாலு தடவை.”

சினிமாதானே அக்கா என்றேன்.

“நம்ம வீட்டுலயும் எண்ணிப் பார்த்தேன்” என்றாள்.

அன்று சாயங்காலம் அக்கா மகளுக்கு எதிரில் உட்கார்ந்து, அது என்ன படிப்பு, சொல்லு என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நாற்பது நிமிடம். மலை எப்படி உண்டாகிறது, ஒரு கல்லை உடைத்து அதன் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மகள் சொல்லிக்கொண்டே போனாள். அம்மா குறுக்கிடவே இல்லை. நடுவில் தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறைக்குப் போய் எனக்கு போன் செய்தாள் மகள். “சித்தி, அம்மாவுக்குப் பல் வலியா?”

எல்லாம் கேட்டு முடித்த அக்கா ஒரே கேள்விதான் கேட்டாளாம். “ஹாஸ்டல்ல இஸ்திரிப் பெட்டி வச்சுக்க விடுவாங்களா?”

மகள் போய் ஆறு வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வருகிறது. அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு ‘ம்’ என்கிறாள். சற்றுப் பொறுத்து இன்னொரு ‘ம்’. அந்த இரண்டு ‘ம்’முக்கும் இடையில் அவள் எத்தனை புத்திமதியை மென்று விழுங்குகிறாள் என்பது அன்று அவள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் தெரியும். போனை வைத்த பிறகு மகளின் அறைக்குப் போய், கலையாத படுக்கையை ஒருமுறை தட்டிப் போட்டுவிட்டு வருகிறாள்.

குணமாகிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். மகள் இருக்கிற நோயாளி யார் வந்தாலும் மருந்துச் சீட்டின் அடியில் அந்தப் படத்தின் பெயரை எழுதிக் கொடுக்கிறாள். வலி மாத்திரை இரண்டு வேளை, படம் ஒரு தடவை.

சரி, உங்களை ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்கும்போது யாரோ ஒருவர் முகம் ஞாபகம் வந்ததல்லவா? இதை அவர் கண்ணில் படுகிற மாதிரி மேசையில் வைத்தால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியிருக்கும். வைக்காதீர்கள். அவர் ஏற்கெனவே படித்துவிட்டு, உங்களுக்காகப் பக்கத்தை மடித்து வைத்திருக்கப் போகிறார்.