உங்கள் தங்கை ஒரு குடும்பத்தை நிறுத்திய விவரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும், உங்கள் தங்கையும், பகலில் அவள் பார்த்துக்கொள்ளும் எட்டுக் குழந்தைகளும் நலம். தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். போன மாதம் வரை இங்கே ஒன்பது குழந்தைகள். ஒன்று குறைந்த கதையைப் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனைத் தொட்டாலே உங்கள் தங்கை, "யார்கிட்ட? என்னைப் பத்தியா?" என்கிறாள்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு தம்பதி மூன்று வயதுப் பெண் குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். குழந்தை தங்கம். அப்பாவுக்கு நான் வைத்த பெயர் சர்க்குலர். முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டிய நானே அவ்வளவு சுற்றறிக்கை பார்த்ததில்லை. தினம் காலையில் ஒன்று வரும். குழந்தை இடது பக்கம் ஒருக்களித்துத் தூங்கக் கூடாது, ஆப்பிளைச் சதுரமாகத்தான் நறுக்கணும், மற்ற குழந்தைகள் தும்மினால் நேரத்தோடு நோட்டில் குறிக்கணும். அந்தம்மா மணிக்கொரு தரம் வீடியோ காலில் வந்து, "ஏன் சிரிக்க மாட்டேங்குறா?" என்பார், சிரித்தால், "யார் என்ன சொன்னாங்க, இப்படிச் சிரிக்கிறா?" ஐந்து மணிக்கு அழைத்துப்போக வேண்டியவர்கள் ஆறரைக்கு வந்து, சாக்ஸ் ஏன் ஜோடி மாறியிருக்கு என்று வாசலிலேயே விசாரணைக் கமிஷன் வைப்பார்கள். உதவிக்கு வர்ற ஆயா, "இதுக்கு என் புருஷனே தேவலை"ன்னு ரெண்டு தடவை வீட்டுக்குக் கிளம்பிட்டா.

உங்க தங்கச்சி தும்மலைக்கூட நேரத்தோட நோட்டுல குறிச்சா மச்சான். எனக்குத்தான் பொறுக்கல. "தவிர்க்க இயலாத காரணங்களை முன்னிட்டு மேற்படி குழந்தையின் பராமரிப்பினை"ன்னு ஆரம்பிச்சு ஒன்றரைப் பக்கம் நானே எழுதிக் கொடுத்தேன். படிச்சுட்டு, நல்லா இருக்குன்னு சொல்லி, பின்பக்கம் படம் வரையக் குழந்தைங்ககிட்ட கொடுத்துட்டா.

இங்க ரெண்டரை வயசுல ஒரு சின்னது இருக்கு. இன்னும் பேச்சு வரல, எல்லாத்துக்கும் "ம்"தான். சர்க்குலர் மகளுக்கு அதுதான் உயிர்த் தோழி. ரெண்டும் பொம்மை அலமாரிக்குப் பின்னால உட்கார்ந்து "ம்", "ம்ம்"னு மணிக்கணக்கா ஊர்க்கதை பேசும். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், அந்தச் சின்னதோட அம்மா பக்கத்துலயே குனிஞ்சு பிள்ளைக்குச் செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கும்போது சர்க்குலர் வந்து, "எங்க பொண்ணும் வீட்ல 'ம்'னுதான் பேசுறா. அந்தக் குழந்தையை நிறுத்துங்க. இல்லேன்னா நாங்க நின்னுடுவோம்"னார். சின்னதோட அம்மா குனிஞ்சபடியே மாட்டின செருப்பையே மறுபடி மறுபடி மாட்டுது.

உங்க தங்கச்சி கையைத் துடைச்சுக்கிட்டு வந்தா. குரலை உசத்தல.

"சரிங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அனுப்புங்க."

"யாரை?"

"உங்க பொண்ணைத்தான். நின்னுடுவோம்னீங்களே."

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நான் பேச்சுக்குச் சொல்லலைங்க. உங்க பொண்ணை எத்தனை வருஷம் வேணாலும் பார்த்துக்குவேன். உங்களைத்தான் என்னால பார்த்துக்க முடியல."

சர்க்குலர் என் பக்கம் திரும்பி, "சார், நீங்களாவது சொல்லுங்க"ன்னார். "என்னையும் இந்த வீட்ல அவங்கதான் பார்த்துக்குறாங்க சார்"னுட்டேன்.

அந்தப் பதினோரு நாளும் அந்தக் குழந்தைக்கு ஒரு குறையும் வைக்கல மச்சான். ஆப்பிள் சதுரமாவே போச்சு. தானே நாலு காப்பகத்துக்கு நேர்ல போய்ப் பார்த்து, அதுல நல்லதா ரெண்டு விலாசம் கொடுத்தா. கடைசி நாள், புதுசா பார்த்துக்கப் போறவங்களுக்குன்னு தன் கையாலே ஒரு தாள் எழுதினா: மிக்ஸி சத்தம்னா பயம். அழுதா தூக்க வேண்டாம், பக்கத்துல உட்கார்ந்தா போதும். "ம்"னு சொன்னா பேசத் தெரியாதுன்னு நினைக்காதீங்க, தோழியை நினைக்கிறான்னு அர்த்தம். சர்க்குலர் வீட்டம்மா வாசல் கேட் பக்கத்துல நின்னு படிச்சாங்க. அவங்ககிட்ட ஒரு கேள்வியும் இல்லாததை அன்னைக்குத்தான் பார்த்தேன். அவங்க போனப்புறம் உங்க தங்கச்சி ஒரே டம்ளரை நாலு தடவை கழுவினா. நான் கிட்டப் போகல.

கட்டிக்கிட்டு முப்பது வருஷம் ஆச்சு. இப்படி ஒருத்திகூடத்தான் குடித்தனம் பண்றேன்னு இப்பத்தான் தெரியுது.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
இந்த மாதம் கூடுதல் பெருமையுடன்,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் எதிர் வீட்டு வாசலில் சாமான் லாரி. காலியாகக் கிடந்த அந்த வீட்டுக்குச் சர்க்குலர் குடும்பம் குடிவந்தாயிற்று! குழந்தை எந்தக் காப்பகத்திலும் காலே வைக்கவில்லையாம். சற்று முன் அவர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நம் கேட்டில் வந்து நின்று, "காப்பகத்துலதானே சேர்க்க மாட்டேன்னீங்க? எதிர் வீட்டுப் பிள்ளை விளையாட வரக் கூடாதுன்னு சொல்லலையே?" என்றார். உங்க தங்கச்சி அவரை முறைச்சுப் பார்த்தா. அதுக்குள்ள குட்டி அவ புடவையை விலக்கிக்கிட்டு உள்ளே ஓடிருச்சு. "முதல்ல கையைக் கழுவச் சொல்லுங்க"ன்னு என்கிட்ட சொல்லிட்டு அவளும் உள்ளே போயிட்டா. கதவைச் சாத்தல மச்சான்.