சாந்தகுமார் வீட்டு அம்புக்குறி

இந்தப் பலகையைப் பிடுங்கி எறியும்வரை முகத்தில் கத்தி வைப்பதில்லை என்று சாந்தகுமார் சபதம் செய்தது 2006 ஜூலையில், ஒரு சனிக்கிழமை காலை.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துக் காப்பெலில் அவர் வீட்டுப் புல்வெளியில் ஆளுயரப் பலகை ஒன்று நின்றது. ‘மாடல் ஹவுஸ்’ என்று எழுதி, கீழே ஒரு அம்புக்குறி. அம்பு காட்டியது அடுத்த தெருவில் பில்டர் கட்டிய மாதிரி வீட்டை. நின்றதோ இவர் வாசலில். வீடு பார்க்க வந்தவர்கள் அம்பை விட்டார்கள், வாசலைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று அவர் கைலியோடு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். கண் விழித்தால் தலைமாட்டில் மாரிசாமி என்று ஒருவர், மனைவி மக்களோடு.

“சார், இந்த சோபா எல்லாம் வீட்டோட சேத்தே குடுக்கறாங்களா?”

“யோவ், நான் வீட்டுக்காரன்யா!”

சாந்தகுமாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “ராணி! நம்ம கிறிஸ்மஸ் ஸ்டார் ஜனவரில ரெண்டு வாரம் கூடுதலாத் தொங்குச்சு. அதுக்கு அசோசியேஷன் லெட்டர் போட்டான். இந்தப் பில்டர் பலகைக்கு மட்டும் ரூல் கிடையாதா?”

“விடுங்க. அது பாட்டுக்கு நிக்குது” என்றாள் மனைவி ஜெபராணி.

அவர் விடவில்லை. குடியிருப்போர் அசோசியேஷனின் நாற்பது பக்க விதிப்புத்தகத்தை வரி வரியாகப் படித்தார். பன்னிரண்டாம் பக்கத்தில் துள்ளி எழுந்தார். ‘புல்வெளியில் பில்டர் பலகை வைக்க, வீட்டுத் தலைவரின் கையெழுத்து வேண்டும்.’

“நான் போட்டேனா? போடலையே! மாட்டினான்!”

“போகாதீங்க. சொன்னாக் கேளுங்க.”

கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில் மேசையைத் தட்டி முழங்கினார். செயலாளர் அம்மாள் ஒரு படிவத்தை நகர்த்தினாள். வீட்டுத் தலைவர்: ஜெபராணி. கீழே அழகான கையெழுத்து.

வீட்டுக்கு வந்தவர் வாசல் நிலையைக் காட்டிக் கத்தினார். ‘கிறிஸ்துவே இவ்வீட்டின் தலைவர்’ என்று அங்கே மாட்டியிருந்தது.

“வாசல்ல அவர் பேரு! ஃபார்ம்ல உன் பேரா?”

“அவர் பேரத்தான் எழுதப் போனேன். ஃபோன் நம்பர் கேட்டாங்க.”

“என் பேர எழுத வேண்டியதுதானே!”

“நீங்க ஃபோன எடுத்தாத்தானே?”

“எதுக்குடி கையெழுத்துப் போட்ட?”

“மே மாசத்துலேருந்து நம்ம புல்ல யாரு வெட்டறாங்க?”

வெயிலுக்குப் பயந்து புல் வளர்வதை நிறுத்திவிட்டது என்று சாந்தகுமார் சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

“பலகை நிக்கிற வரைக்கும் பில்டர் ஆளுங்க வந்து வெட்டித் தரணும். அதான் பேச்சு. நீங்க ஆபீஸ் போனப்புறம் வந்துட்டுப் போறாங்க. ரெண்டு வருஷமா ‘நெக்ஸ்ட் வீக், நெக்ஸ்ட் வீக்’னீங்க. சரி, பிடுங்கிடுங்க. புல்லு வெட்டற மெஷின் கராஜ்ல இருக்கு.”

வெளியே நூற்று நான்கு டிகிரி. சாந்தகுமார் கோபமாக வெளியே போனார். கோபமாகப் பலகையைப் பிடித்தார். அது லேசாகச் சாய்ந்திருந்தது. கோபமாகவே அதை நிமிர்த்தி, மண்ணை மிதித்துவிட்டு உள்ளே வந்தார்.

பலகை நின்றது. தாடியும் நின்றது.

ஆகஸ்டில் சர்ச்சில் ஒருவர் பக்தியோடு கேட்டார்: “தாடி பொருத்தனையா பிரதர்? யாருக்கு நேர்ந்துகிட்டீங்க?”

“ஆமா பிரதர்” என்றார் சாந்தகுமார், ஜெபராணி பக்கம் திரும்பாமல். “எங்க வீட்டுத் தலைவருக்கு.”