பொய் சொல்லாத பில்லியர்ட்ஸ் மேஜை

அமிர்தநாதனின் வேலைக்கு உலை வைப்பது என்று தீர்மானித்தேன்.

அவர் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். செம்பூரில் ஒரு கிளப்பில், பில்லியர்ட்ஸ் மேஜையருகே நின்று, பந்து குழியில் விழுந்தால் பாயிண்ட் சொல்வது அவருடைய உத்தியோகம். அதற்கு மார்க்கர் என்று பெயர் வேறு. விழுந்த பந்தை விழுந்தது என்று சொல்ல ஒரு மனிதன், அவனுக்கு வெள்ளைச் சட்டை, வருஷா வருஷம் போனஸ்! நினைத்தாலே வயிறு எரிந்தது.

நான் தாராவியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெயினுலாப்தீன். மூளை உள்ளவன். நாங்கள் குடியிருக்கும் திலக் நகர் முழுக்க இதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஜீவன் என் மனைவி ரஷீதாதான். லாமிங்டன் ரோட்டில் சாமான் வாங்கி ஒரு கருவி செய்தேன். ஒவ்வொரு குழியின் உள்பக்கமும் ஒரு குட்டி பல்பு. அதற்கு நேர் எதிரே, குழியின் வெளிப்பக்கச் சுவரில், அந்த வெளிச்சத்தையே முறைத்துக்கொண்டிருக்கும் ஒளிக்கண். பந்து நடுவே விழுந்தால் வெளிச்சம் மறையும், மணி அடிக்கும், பலகையில் எண் ஒன்று ஏறும். லீவு கேட்காது. பீடி குடிக்காது. கிளப் செக்ரட்டரி திங்கட்கிழமை வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் எட்டு மேஜைக்கும் ஆர்டர்.

சோதித்துப் பார்க்க மேஜை வேண்டுமல்லவா? ஏலத்தில் ஒரு பழைய அரை சைஸ் மேஜை எடுத்து, எங்கள் வீட்டின் ஒரே ஹாலில் இறக்கினேன். அதன் பிறகு ஹாலில் மிச்சம் இருந்தது ஓர் ஆள் பக்கவாட்டில் நகரும் இடம்தான். நான் மேஜைக்கு அடியில் தூங்கினேன். ரஷீதா அடுப்படியில் தூங்கினாள். விஞ்ஞானிகள் வீட்டில் இதெல்லாம் சகஜம்.

"ஞாயித்துக்கிழமை உல்லாஸ்நகர்லேர்ந்து அக்தர் பானுவைப் பொண்ணு பாக்க வாராங்க" என்றாள் ரஷீதா. அக்தர் பானு அவள் தங்கை. "பன்னண்டு பேர். மூணு சஹன் வைக்கணும். எங்க வைக்க?"

சஹன் என்றால் நாலு பேர் தரையில் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு எங்கள் ஆட்கள் வேறு மாதிரி சோறு போட மாட்டார்கள்.

"மேஜை மேல வையி. நின்னுக்கிட்டே சாப்பிடட்டும்."

"மாப்பிள்ளை வீட்டாளுங்களை நிக்க வச்சா? ஆளுக்கொரு குச்சியும் குடுத்திருவோமா?"

"ஏளா, இது விஞ்ஞானம் நடக்குற இடம்."

"அது மட்டுந்தான் நடக்குது. மனுஷன் நடக்க முடியல. அவளுக்கு இருபத்தாறு ஆச்சு. இந்த இடமும் தட்டிப்போச்சுன்னா எங்கம்மா மூஞ்சியில நான் எப்படி முழிக்க? மேஜையைக் கடைக்குக் கொண்டு போங்க."

"தாராவிச் சந்துக்குள்ள செக்ரட்டரி கார் வருமா? அறிவிருக்கா உனக்கு?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு மேஜையைப் பார்த்தாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கடை லீவு. ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, வழக்கம்போல் மேஜைக்கடியில் தூங்கிவிட்டேன். நாலரை மணிக்கு ரஷீதா எழுப்பினாள். அமிர்தநாதன் வாசலில் நின்றிருந்தார்.

"நாம ஒரு ஆட்டம் ஆடுவோம்" என்றாள் அவள். "யாரு பந்துக்கு முதல்ல அஞ்சு தடவை மணி அடிக்குதோ அவங்க சொல்லுதபடி. நான் ஜெயிச்சா மேஜை வெளிய. நீங்க ஜெயிச்சா நான் இனிமே வாயே தொறக்கல."

வாயே திறக்க மாட்டாளாம்! இப்படி ஒரு பரிசை எந்தப் புருஷன் வேண்டாம் என்பான்?

"நடுவர் யாரு? இவரா?" என்று அமிர்தநாதனை ஏளனமாகப் பார்த்தேன். "மனுஷக் கண்ணை எவன் நம்புவான்? மெஷின் சொல்லுததுதான் முடிவு."

"சரி பாய். நான் சும்மா நிக்கேன்" என்றார் அவர்.

"உலை கொதிக்குது. நான் அடுப்படிப் பக்கம் நின்னே ஜன்னல் பக்கக் குழியில அடிக்கேன். நீங்க ஜன்னல் பக்கம் நின்னு இந்தப் பக்கம் அடிங்க" என்றாள் ரஷீதா.

ஒரு கண் உலையில், ஒரு கண் பந்தில்! பெருந்தன்மையாகச் சம்மதித்தேன்.

முதல் பந்தை அடித்தேன். கச்சிதமாகக் குழியில் விழுந்தது. மணி அடிக்கவில்லை. இரண்டாவதும் விழுந்தது. மணி ஊமையாக இருந்தது. ரஷீதா துடைப்பம் பிடிப்பதுபோல் குச்சியைப் பிடித்து நாலு முறை தவறவிட்டாள். ஐந்தாவது முறை தட்டுத் தடுமாறி ஒரு பந்து விழுந்தது. டிங்! நான் ஆறு பந்து போட்டேன், பலகையில் என் பக்கம் பூஜ்யம். அவள் நடுவே போய் அரிசி களைந்து போட்டுவிட்டு வந்து நாலாவது டிங் வாங்கினாள்.

"யோவ் அமிர்தநாதன்! என் பந்து விழுந்ததை நீரு பாக்கலையா?"

"பாத்தேன் பாய். ஆனா மனுஷக் கண்ணுல்லா இது?"

அடுப்படிப் பக்கத்துக் குழிக்குள் குனிந்து பார்த்தேன். மேற்கு ஜன்னல் வெயில் என் தலைக்கு மேலாக வந்து, ஜன்னலைப் பார்த்திருந்த ஒளிக்கண்ணில் நேராக உட்கார்ந்திருந்தது. பந்து பல்பை மறைத்தது. சூரியனை மறைக்கவில்லை. ஜன்னல் பக்கத்துக் குழிகளின் கண்கள் வெயிலுக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தன. தினமும் நாலு மணிக்கு மேல் வெயில் விழும் இடம் பார்த்து வற்றல் தட்டை அடுப்படிப் பக்கம் நகர்த்துகிறவள் ரஷீதா. காலையில் மட்டும் கருவியைச் சோதித்துவிட்டுக் கடைக்குப் போகிறவன் நான். வெள்ளிக்கிழமை வெயிலையோ மேஜைக்கடியில் தூங்கியே கழித்தவன்.

டிங்! ஐந்து.

"செல்லாது!" என்று கத்தினேன்.

"அப்ப மெஷின் தப்பாச் சொல்லுதா பாய்?" அமிர்தநாதன் வெகு பணிவாகக் கேட்டார். "சொல்லிருங்க. செக்ரட்டரிட்ட ஒரு வார்த்தை போட்டு வைக்கேன்."

மெஷின் தப்பு என்றால் ஆர்டர் போச்சு. மெஷின் சரி என்றால் மேஜை போச்சு. ரஷீதா குச்சியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மெஷின்... சரிதான்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை. சுமை தூக்கும் ஹமால்கள் நாலு பேர் கயிற்றோடு உள்ளே வந்தார்கள். வாசலில் கைவண்டி தயாராக நின்றது. பத்து நிமிஷத்தில் மேஜை தாராவிக்குப் புறப்பட்டது. அமிர்தநாதன் நல்ல மனிதர். கதவைப் பிடித்துக்கொண்டார்.

காலியான ஹாலில் ரஷீதா பாய் விரித்து, மூன்று சஹனுக்கு இடம் சரியாக இருக்கிறதா என்று அளந்தாள்.

"ஹமாலுக்கு எப்பச் சொன்ன?"

"காலையில."

"ஆட்டமே ஆரம்பிக்கலையே! நான் ஜெயிச்சிருந்தா?"

"அதெப்படிங்க ஜெயிப்பீங்க?" என்றாள். "உங்க மெஷின் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."