குடம் உதைக்கிற ஐயா

வெறுங்குடத்துக்கு இரக்கமே காட்டாத மனிதர் இந்த மலைநாட்டில் ஒருவர்தான். அவரோடு ஒரே அறையில் வேலை செய்யும் பாக்கியத்தை ஆண்டவன் எனக்கென்று எழுதியிருந்தான்.

ஹட்டன் பக்கம் மண்சரிவைக் கணக்கிடும் ஓர் அலுவலகத்தில் நான் மழை அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவன். பல மெஷின்களை ஒன்றாகப் பிணைத்து எல்லோரும் பாவிப்போம். மலைகளின் பெரிய படங்கள் எல்லா மெஷினுக்கும் பொதுவான ஒரு சேமிப்புப் பெட்டியில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அங்கிருந்து இழுத்தால் பொழுது போய்விடும் என்று, அந்தந்த மெஷினிலேயே ஒரு பிரதியைத் தற்காலிகமாகப் போட்டுக்கொள்வோம். இடமோ கொஞ்சம். ஆட்களோ பலர்.

நாங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்கள். மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் வெறுங்குடத்தை வைத்து இடம் பிடித்தே வளர்ந்தவர்கள். மெஷினிலும் அதையே செய்தோம். ஒன்றுமில்லாத பெரிய ஃபைல்களைப் போட்டு இடம் பிடித்தோம். மெஷின்களுக்கு மூச்சு முட்டியது.

அதைச் சரிசெய்ய வந்தவர்தான் ஐயா. வந்த அன்றே கத்தினார்.

"யாருங்க பீலியில வெறுங்குடத்த வச்சிட்டுப் போனது? ஒதச்சிட்டேன், போய்ப் பொறுக்கிக்கங்க!"

பெயர் ஒட்டிக்கொண்டது. தினமும் காலையில் உதை, அதாவது அழிப்பு; சில நாள் தொடாத ஃபைல் எதுவும் தப்பாது. வியாதி வெளியிலும் பரவியது. பஸ்ஸில் சீட்டுக்கு யாரோ போட்டிருந்த கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே சீட்டில் உட்காருவார். கோயில் அன்னதான வரிசையில் இடம் பிடித்திருந்த செருப்பைத் தூக்கி எறிந்தார். அது கோயில் தலைவருடையது. சமாதானம் பேசிப் பேசி அலுத்தது நான்தான்.

ஒரு மழை நாளில் வீட்டுக்காரி போன் செய்தாள்.

"என்னாங்க, மேல மலையில ஊத்து சேறா வருது. ஆபீஸ்ல சொன்னாத்தான் எறங்குவோம்னு லயமே உக்காந்திருக்கு. ஒங்கம்மாவும்தான்."

மண்சரிவுக் கணக்கை ஓட்டினேன். நகரவில்லை. எங்கள் மலையின் படம் ஒரு மெஷினிலும் இல்லை.

"ஐயா, எங்க மலையையும் ஒதச்சிட்டீங்களா?"

"காலையில... ரொம்ப நாளா யாரும் தொடலைங்களே."

அவர் முகம் சுண்டிப்போனது. பொதுப் பெட்டியிலிருந்து மறுபடி இழுக்க வேண்டும். அந்த வழியையோ அவருடைய கணக்கே அடைத்துக்கொண்டிருந்தது. மேல்படிப்புக்காக வாரக்கணக்கில் ஓடிய கணக்கு. நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முருகா என்று நான் கண்ணை மூடினேன். திறப்பதற்குள் நிறுத்திவிட்டார்.

"போவட்டுங்க. நான் படிச்சு என்னாத்தக் கிழிக்கப் போறேன்!"

படம் வந்தது. எங்கள் மலை ஆபத்துச் சிவப்பில் தெரிந்தது. அவரே கிராம சேவகருக்குப் போன் போட்டுச் சிங்களத்தில் கத்தினார். சாயங்காலம் மண் இறங்கி எங்கள் லயத்தை மூடியபோது உள்ளே ஆளில்லை. கோழியை விட்டுவிட்டு வர வைத்தாரென்று அம்மா மட்டும் இன்றுவரை அவரைத் திட்டுகிறாள்.

மறுநாள் காலையில் என் ஃபைல்களை வழக்கம்போல உதைத்திருந்தார்.

இப்போது மாற்றலாகி எங்கேயோ போய்விட்டார். வெள்ளிக்கிழமை அர்ச்சனையில் வீட்டாரோடு அவரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

"அவரு நட்சத்திரம் என்னாங்க?" என்றார் பூசாரி.

"தெரியாதுங்க சாமி. வீட்டு ஆளுதான், என் நட்சத்திரத்தையே போடுங்க."