ஆணிக்கு அந்தப் பக்கத்துத் தோணி

பிள்ளைக்கு உதவி செய்யாமல் சும்மா இருக்கும் திறமை எனக்குக் கிடையாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம். நான் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு 'டி', அதாவது அதிவிசேட சித்தி, எடுத்தவள். (அந்தக் காலத்தில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.) அந்த ஓரெழுத்தை வைத்துக்கொண்டு வீட்டில் வருடக்கணக்காக அதிகாரம் செய்தேன். மகளின் பாடசாலைக் கணிதக் கண்காட்சியோடு அது முடிந்தது.

மகள் துவாரகா அப்போது பதினோராம் தரம். கண்காட்சியில் முதலாவதாக வரும் ஒரே ஒரு ஆக்கம்தான் கல்வி வலய மட்டப் போட்டிக்குப் போகும். அதற்காக மூன்று கிழமை பாடுபட்டாள். பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை எடுத்திருந்தாள்: மறைப் பெறுமான அளவிடைக் காரணி, அதாவது ஒரு உருவத்தை ஒரு புள்ளிக்கு அந்தப் பக்கம் தலைகீழாகப் பெருப்பிப்பது. ஒரு பெரிய மட்டையின் நடுவில் ஆணி. ஆணிக்கு மேலே ஒரு சின்ன நீலத் தோணி. ஆணிக்குக் கீழே அதைப் போல இரண்டு மடங்கு பெரிய தோணி, தலைகீழாக. காரணி மறை இரண்டு (-2).

கண்காட்சி நாள் காலை அவள் குளிக்கப் போனாள். நான் மட்டையைப் பார்த்தேன். மேல் தோணியின் மூக்கு இடப்பக்கம். கீழ்த் தோணியின் மூக்கு வலப்பக்கம்!

வாவிக் கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். தண்ணீருக்குள் தோணி எப்படித் தெரியும் என்று எனக்கு ஒருவர் சொல்லித் தரவேண்டுமா? தலைகீழாகத் தெரியும், ஆனால் மூக்கு அதே பக்கம்தான் இருக்கும். பிள்ளை பதற்றத்தில் மாற்றி ஒட்டிவிட்டாள் என்று முடிவு கட்டினேன். இரண்டு பக்கமும் நீல நிறமான கடதாசி, நல்லதாகப் போயிற்று. மெல்லக் கழற்றி, புரட்டி, மூக்கை இடப்பக்கம் வைத்து ஒட்டினேன்.

வயலுக்குப் போக வெளிக்கிட்ட கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன கா செய்றாய்? அவள்ட சாமான்ல கை வைக்காத."

"நீங்க வட்டைக்குப் போங்க. இது கணக்கு" என்றேன்.

துவாரகா அவசரத்தில் மட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினாள். மண்டபத்தில் நிமிர்த்தி வைத்தபோதும் பதற்றத்தில் கவனிக்கவில்லை. அவளிடம் சொல்லவும் இல்லை நான். (உதவி செய்தால் சொல்லிக்காட்டக் கூடாது என்ற பெருந்தன்மை!)

பத்தரை மணிக்கு வலயத்திலிருந்து நடுவராக வந்த கணித சேர் அவளுடைய மேசைக்கு வந்தார். பெற்றோர் கூட்டத்தில் நான் முன்வரிசை. துவாரகா ஒரு சிவப்பு நூலை எடுத்தாள்.

"சேர், சின்னத் தோணிட மூக்கில நூலப் புடிச்சி, ஆணிக்கூடாக இழுத்து, அங்கால ரெண்டு மடங்கு தூரம் போனா, பெரிய தோணிட மூக்கு வரும்."

இழுத்தாள். நூல் ஆணியைத் தாண்டி வலப்பக்கம் போய், பெரிய தோணியின் பின்புறத்தில் நின்றது.

மட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் விரலில் காய்ந்த பசை இருந்தது. எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. ஆனாலும் ஒரு மூச்சு விட்டுவிட்டு, நிதானமாகச் சொன்னாள்:

"இது வேணுமெண்டே பிழையா ஒட்டினது சேர். கனபேர் இதக் கண்ணாடியில தெரியிற தெறிப்பு எண்டு நினைக்கிறவங்க. நூல் புடிச்சாத்தான் பிழை தெரியும். இப்ப சரியா வைக்கிறன்."

சேரின் புருவம் உயர்ந்தது. "கெட்டிக்காரி!" என்றார். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"இல்ல சேர், பிழை இல்ல! காலைல நான்தான் சரியாக்கி ஒட்டினநான். வாவில போய்ப் பாருங்க!"

மண்டபமே சிரித்தது. சேர் சிரிக்கவில்லை, எதையோ எழுதினார். வலயத்துக்கு வேறொரு பிள்ளையின் ஆக்கம் போனது.

ஸ்கூட்டியில் வீட்டுக்கு வரும்போது துவாரகா பாலத்தடியில் நிறுத்தச் சொன்னாள். கரையோரம் ஒரு தோணி அசையாமல் நின்றது.

"பாருங்கம்மா. தண்ணிக்குள்ளயும் மூக்கு அதே பக்கம். அது தெறிப்பு. எண்ட ஆணியில அது இல்ல. முழுத் தோணியும் ஆணியச் சுத்தி அரை வட்டம் திரும்பும், பிறகு பெரிசாகும். படத்தத் தலைகீழாத் திருப்பினா பெரிய தோணி அப்படியே சின்னத் தோணி மாதிரி இரிக்கும். உங்கட தோணியத் திருப்பினா மூக்கு மறுபக்கம்தான் நிக்கும்."

நான் தலையாட்டினேன். "பரவால்லம்மா" என்றாள். திட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். அந்தப் 'பரவால்ல' இன்னும் உள்ளே கிடக்கிறது.

துவாரகா இப்போது உயர்தரத்தில் கணிதப் பிரிவு. கணவருக்கோ ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. நான் எதையாவது அடித்துச் சொன்னால், இரண்டு விரலால் என் மூக்கிலிருந்து இல்லாத ஒரு நூலைப் பிடித்து, சுவரில் கலண்டர் மாட்டிய ஆணிக்கூடாக இழுத்து, அங்கால் எங்கே போகிறது என்று பார்ப்பார்.

போன கிழமை, "இண்டைக்கு மழை வராது, நெல்லக் காயப் போடுங்க" என்றேன். போட்டார். பின்னேரம் வந்து என் மூக்கில் நூலைப் பிடித்தார். ஆணியைத் தாண்டி, கதவைத் தாண்டி, முற்றம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். நெல்லுக்கு மேல் முதல் துளிகள் விழுந்துகொண்டிருந்தன.

"துவாரகா, ஓடி வா! அம்மாட நூல் இஞ்சதான் முடியுது!"

மூன்று பேருமாக நெல்லின் மேல் படங்கை இழுத்து மூடினோம்.