இல்லாத வீட்டின் கொல்லைப்புறம்

என் தொழிலுக்கு இதுவரை ஒரே ஒரு உண்மையான சான்றிதழ்தான் கிடைத்திருக்கிறது. பெரம்பலூர் ஆபீஸ் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறவை எல்லாம் இரண்டு நாள் வகுப்பில் தூங்காமல் உட்கார்ந்திருந்தால் கொடுப்பவை. அந்த ஒன்றை மட்டும் மாட்ட முடியவில்லை. அது என் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் இருந்தது. அம்மா அதை மூன்று முறை சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டார்.

நான் வீடுகளுக்கு வரைபடம் போட்டுத் தருகிறவன். கூடவே நாட்குறிப்பு எழுதுகிறவன். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட விட்டதில்லை. எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம், எந்த மழை எப்போது தொடங்கி எப்போது விட்டது, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் கிழமையோடும் மணியோடும் இருக்கும். (என் மனைவி இதைப் 'போலீஸ் ஸ்டேஷன் நோட்டு' என்பாள். வீட்டுச் சண்டைகளில் நான் பக்கம் புரட்டி மேற்கோள் காட்டியதால் வந்த கசப்பு.) ஆகவே இனி வருவதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூடுதலாகத் தெரிவதெல்லாம் அன்றைக்கே அப்படித்தான் நடந்தது.

கல்யாணத்துக்கு முன், ஒரு வருடம் புரட்டாசியில் ஒரு வி.ஆர். ஹெட்செட் வாங்கினேன். கண்ணை மறைத்தாற்போல் மாட்டிக்கொள்ளும் பட்டையான பெட்டி. நான் கணினியில் வரைந்த வீட்டை அதில் ஏற்றிவிட்டால், மாட்டியவர் அந்த வீட்டுக்குள்ளேயே நிற்பார். தலையைத் திருப்பினால் சுவர், நிமிர்ந்தால் மின்விசிறி. வாடிக்கையாளர்கள் இதற்காக பஸ் பிடித்து வருவார்கள் என்று நம்பினேன். வந்தார்கள். ஒருவரும் மாட்டவில்லை.

அவர்கள் சொன்ன காரணங்களைத் தனிப்பக்கம் ஒதுக்கி எழுதினேன். கண் பவர் போய்விடும். மூளைக்குச் சூடு. இன்னொருத்தர் வேர்வை. எறையூர்க் கரும்பு விவசாயி ஒருவர், அந்தப் பெட்டி நம் கண்ணைப் படம் பிடித்து எங்கேயோ அனுப்புகிறது என்றார். நானும் நாலு புத்தகம் படித்தவன் அல்லவா? முதன்முதலில் போட்டோப் பெட்டி வந்தபோது ஆயுசு குறையும் என்று ஜனங்கள் ஓடி ஒளிந்ததை அவருக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்கள்ல யாராச்சும் இப்ப உசுரோட இருக்காங்களா?" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் அப்பா இன்னும் மோசம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிகளை எடை போட்டே ஓய்வு பெற்றவர். கண்ணால் கண்டதைக்கூட எடைமேடையில் ஏற்றிப் பார்த்துத்தான் நம்புவார். "செக்குமாட்டுக்கு ஏன் கண்ணக் கட்டுறாங்க தெரியுமா?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். "சுத்துன எடத்தயே சுத்துறோம்னு அதுக்குத் தெரியக் கூடாது. அதுக்குத்தான்."

இந்த நிலைமையில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் வைத்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து பத்துக்கு. பெண்ணுக்கு ஊர் அரும்பாவூர். பெயர் கலைச்செல்வி. என்ன வேலை, என்ன சம்பளம் என்று எதையும் அவள் கேட்கவில்லை. "சமையக்கட்டு ஜன்னல எந்த ஒசரத்துல வைப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். நிற்கிறவர் கண்ணுக்கு நேராக, வெளியே பார்க்கிற மாதிரி, என்றேன். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலிலேயே நான் முடிவு செய்துவிட்டேன். எனக்கு இனி வேறு பெண் பார்க்கத் தேவையில்லை.

ஆனால் முடிவு என் கையிலோ அவள் கையிலோ இல்லை. அவளுக்கு அப்பா இல்லை, தாய்மாமன்தான் எல்லாம். மாப்பிள்ளை வீட்டை நேரில் பார்க்காமல் பெண் கொடுப்பதில்லை என்பது மாமாவின் சட்டம். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. வீடு பார்க்க வருகிற பெண் வீட்டார் காபி குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், சாப்பிட மட்டும் மாட்டார்கள். பிடித்திருந்தால்தான் இலையில் உட்காருவார்கள். உட்கார்ந்துவிட்டால் கல்யாணம் உறுதி. உட்காராமல் எழுந்து போய்விட்டால் யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. துறையூரில் வேறொரு மாப்பிள்ளையின் ஜாதகம் தயாராக இருக்கிறது என்ற செய்தியும் எங்கள் காதுக்கு வந்திருந்தது.

இதில் ஒரு சிறு சிக்கல். எங்களுக்கு வீடு இல்லை.

அதாவது, உடையார்பாளையம் போகிற வழியில் இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புது வீடு தொடங்கியிருந்தோம். கடைக்கால் போட்டு, தூண்கள் எழுந்து நின்றபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அங்கே கரிசல் மண். மழையில் உள்ளே கால் வைத்தால் கால் மட்டும் திரும்பி வரும், செருப்பு வராது. நாங்கள் அரியலூரில் வாடகை வீட்டில் இருந்தோம். தை மாதம்வரை தள்ளிப்போடலாம் என்று அம்மா சொன்னார். நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.) "முடிஞ்ச வீட்டையே காட்டிடுறேன்மா" என்றேன்.

பத்தொன்பது நாள் உட்கார்ந்து வரைந்தேன். வாசல் நிலையில் மஞ்சள், குங்குமம். கூடத்தில் ஊஞ்சல் கொக்கி. சமையலறையில் அம்மாவின் கிரைண்டர், அதன் உடைந்த கைப்பிடி உட்பட. (மென்பொருளோடு இலவசமாக வந்த அலமாரியில் வெளிநாட்டு மது பாட்டில்கள் வரிசையாக இருந்தன. முந்தின நாள் கவனித்து நீக்கினேன். அந்த அளவுக்கு ஜாக்கிரதை.) எல்லாவற்றையும்விடக் கொல்லைப்புறத்தில்தான் என் கைவண்ணம். ஒரு தென்னை மரம். நிஜ மரத்தின் தண்டை நாலு பக்கமும் படம் எடுத்து ஒட்டி, மட்டை விழுந்த தழும்பு ஒவ்வொன்றையும் சரிபார்த்து, அடியில் ஈர மண்கூட வைத்தேன். நானே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்த மரத்தடியில் நின்றபோது கொஞ்சம் கண் கலங்கியது. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல மரம்.

கார்த்திகை மாதம், ஞாயிறு, காலை பத்து நாற்பதுக்கு மாமா வந்தார். கூடவே அவர் மனைவி, எனக்கு அத்தை முறை. மாமா ஆஜானுபாகு, சலவை வேட்டி, இடது கன்னத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வெற்றிலை. காபி குடித்தார். உடனே புதிதாக ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டார். மனையைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்றார். நான் மண்ணின் நிலைமையைச் சொல்லி, ஹெட்செட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. ஏதோ தேள் இருக்கிற டப்பாவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வூடு பாக்க வந்தவன் கண்ணக் கட்டுறீங்களே தம்பி, இது எந்த ஊரு மொற?"

அப்பா மாமாவின் வலது பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகனுக்குத் துணையாக ஏதாவது சொல்வார் என்று அவரைப் பார்த்தேன். அவர் மாமாவிடம் செக்குமாட்டுக் கதையை முதலிலிருந்து சொன்னார். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். இரண்டு சந்தேகப் பேர்வழிகள் ஒருவரையொருவர் கண்டுகொண்ட சந்தோஷம்.

என்னைக் காப்பாற்றியது அத்தைதான். "போட்டுத்தான் பாருங்களேன். கண்ணா போயிடும்?" என்றார்.

"போனா நீதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவணும்" என்று சொல்லிவிட்டு மாமா தலையைக் குனிந்தார். மாட்டிவிட்டேன். எழுந்து நின்றார். அவரை நகர்த்துகிற கருவி என் கையில். அவர் என்ன பார்க்கிறார் என்பது என் போனில் தெரியும். ஆகவே நான் போனை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது.

முதல் அரை நிமிடம் அவர் அசையவில்லை. பிறகு வாசல்படியில், ஒன்றுமில்லாத தரையில், வலது காலைத் தூக்கி வைத்தார். நிலையில் தலை இடிக்காமல் குனிந்தார். அத்தை புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மாமா கூடத்தைச் சுற்றிப் பார்த்து "ம்" என்றார். அடுப்பு எந்த மூலை என்று கையால் கேட்டார், தென்கிழக்கு என்றேன், இன்னொரு "ம்". சாமி அறையில் கை கூப்பிக் கும்பிட்டார். அப்பாவின் சிரிப்பு நின்றிருந்தது. அவர் கூட்டாளி அவரைக் கைவிட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மாமா ஏன் பேசாமல் வெறும் "ம்" போடுகிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். பக்தி, வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். வாய் நிறைந்திருந்தது என்பதே காரணம். வாசற்படியிலேயே நிறைந்துவிட்டதாம். ஆனால் மனிதர் நாகரிகம் தெரிந்தவர். சம்பந்தம் பேசப் போன வீட்டின் கூடத்தில் துப்புவாரா? சமையலறையில்? சாமி அறையில்? ஒவ்வோர் அறையாகப் பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

கடைசியில் முகத்தை மேலே தூக்கி, ஒழுகாமல், "கொல்லை எங்க?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. கொல்லையைக் கேட்கிறார்! என் மரத்தைப் பார்க்கப் போகிறார்! பின்கதவைத் திறந்து வெளியே கொண்டுவந்தேன். "வலது பக்கம் திரும்புங்க மாமா, தென்னமரம் இருக்கு" என்று நானே, என் வாயாலேயே, சொன்னேன்.

திரும்பினார். போன் திரையில் மரம் நடுவில் வந்து நின்றது. இரண்டு விரலை உதட்டில் வைத்து, வேட்டியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, மரத்தின் அடிப்பாகத்துக்கு மிகச் சரியாகக் குறி பார்த்துத் துப்பினார்.

திரையில் மரம் அப்படியே இருந்தது. ஒரு சொட்டுகூட விழவில்லை. மென்பொருளில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தலையை நிமிர்த்தினேன்.

அப்பா உட்கார்ந்திருந்தார். கழுத்திலிருந்து நாலாவது பொத்தான்வரை சிவப்பு. மூக்குக் கண்ணாடியில் ஒரு துளி, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா சமையலறை வாசலில் கையில் அப்பளத் தட்டோடு நின்றார். எங்கள் வம்சத்தில் யாரும் யார் மேலும் துப்பியதில்லை. பெண் வீட்டார், மாப்பிள்ளையின் அப்பா மேல், முதல் வருகையிலேயே துப்பியதாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் வரலாறும் இல்லை. கலைச்செல்விக்கு நான் சொன்ன சமையலறை ஜன்னல் என் கண்ணெதிரே சாத்திக்கொண்டது.

மாமா பெட்டியைக் கழற்றினார். அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்குப் பின்னால் பார்த்தார். நாற்காலிக்கு அடியிலும் பார்த்தார்.

"இங்க ஒரு தென்னமரம் இருந்துச்சே" என்றார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"தென்னமரம் சட்ட மாத்திட்டு வருது. நீங்க உக்காருங்க."

முதலில் சிரித்தது அத்தைதான். அடக்கி அடக்கி, பிறகு முடியாமல். அம்மா அப்பளத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அப்பா வேறு சட்டையில் திரும்பி வரும்வரை நின்றுகொண்டே இருந்தார். வந்ததும் கை கூப்பினார். "மன்னிக்கணும்" என்றார்.

அப்பா அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார். "எம்மவன் வரஞ்ச எதயும் நான் ஒரு நாளும் நம்புனதில்லைங்க. நீங்க பத்து நிமிசத்துல நம்பிட்டீங்க. இதுல மன்னிக்கறதுக்கு என்ன இருக்கு?"

நாட்குறிப்பில் அந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டிருக்கிறேன். இரண்டு முறை.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் காலைப்பொழுதில் முதல் தடவையாக. "இல்லாத வூட்டுக் கொல்லையிலயே இம்புட்டு எடம் வுட்டு மரம் வச்சிருக்கான். இருக்கற பொண்ண நல்லாத்தான் வச்சுக்குவான்" என்று அத்தையிடம் சொன்னார். பிறகு என் அம்மாவைப் பார்த்து, "எலயப் போடுங்க தங்கச்சி" என்றார். எனக்கு, "மாப்ள, வாய் கொப்பளிக்கத் தண்ணி."

தையில் கல்யாணம். வைகாசியில் வீடு முடிந்து குடிபோனோம். கலைச்செல்வியின் சமையலறை ஜன்னல் அவள் கண்ணுக்கு நேராக இருக்கிறது. கதை எங்களுக்கு முன்பே அரும்பாவூர் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பெரம்பலூருக்கு பஸ் ஏறி வந்தது. கண் பவர், மூளைச் சூடு என்றெல்லாம் இப்போது யாரும் பேசுவதில்லை. "ஒரு ஆளு நெசம்னு நெனச்சுத் துப்புன பொட்டி இதுதானா?" என்று கேட்டுவிட்டு அவர்களே வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். ஆபீசில் ஒரு பலகை வைத்திருக்கிறேன்: 'வெற்றிலை போட்டிருப்பவர்கள் வாய் கொப்பளித்துவிட்டு அணியவும்.' இந்தியாவிலேயே இப்படி ஒரு பலகை வேறெங்கும் இருக்காது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

ஒவ்வொரு புது வீட்டையும் வரைந்து முடித்ததும் முதலில் எங்கள் வீட்டில்தான் காட்டுவேன். கலைச்செல்வி மாட்டிக்கொண்டு ஒரு சுற்று பார்ப்பாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். "என்னம்மா, துப்புற மாதிரி இருக்கா?" என்று தலையைத் தூக்காமல் கேட்பார். சுமார் என்று அவள் சொன்னால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் படிப்பைத் தொடர்வார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார். எவ்வளவு தூரம் என்பதை நான் அன்றன்றைக்குக் குறித்து வைக்கிறேன். பெரும்பாலும் ஓரடி, ஒன்றரை அடி.

போன ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு இருபதுக்கு, நாற்காலியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கே போய்விட்டார்.