ரூத்தக்காவுக்குப் பங்கு இல்லேன்னு சொன்னவன் எழுதிக்கிறது

ராயபுரம்,
வெள்ளிக்கிழமை, ஷிஃப்ட்டு முடிஞ்சு.

பாசத்துக்கும் மருவாதிக்கும் உரிய ரூத்து அக்காவுக்கு, தம்பி அலெக்ஸாண்டர் கும்பிட்டு எழுதிக்கிறது. இங்க நானும் சொகமா இல்ல, அம்மாவும் சொகமா இல்ல, தண்ணி மோட்டாரும் சொகமா இல்ல. எம்.கே.பி. நகர்ல உன் ஃபிரெண்டு ஃபரா அக்கா வூட்ல நீயாவது சொகமா இருக்கணும்னு அந்தோணியாரை வேண்டிக்கிறேன்.

பேப்பர்ல இன்னாடா எழுதுறான்னு சிரிக்காத. வாட்ஸப்ல பிளாக்கு, இன்ஸ்டால பிளாக்கு. ஜிபேல ஒரு ரூவா அனுப்பி 'சாரிக்கா'ன்னு போட்டேன், ரெண்டு ரூவாயா திருப்பி அனுப்பிட்டு அதுலயும் பிளாக்கு. வேற இன்னாதான் பண்றது? அதான் ஃபரா அக்கா கையில குடுக்கலாம்னு இத்த எழுதறேன். பேனா புட்ச்சு நாலு வருசம் ஆச்சு, எமோஜி எங்க கீதுன்னு கை பாட்டுக்கு தேடிக்கினே கீது.

அக்கா, நைனாவோட முப்பதாம் நாள் பூசைக்கு அப்பால நடந்தத நானே ஒருவாட்டி ஒயுங்கா சொல்லிடறேன். நான் 'சட்டுனு சட்டம்' சேனலுக்கு எப்டியாப்பட்ட ஃபேன்னு உனக்கே தெரியும், வக்கீல் பீம்ராவ் சாரோட நானூத்திப் பன்னெண்டு வீடியோவும் பாத்தவன், என் கமெண்டு ரெண்டுக்கு தலைவரு ஹார்ட்டு போட்டுகீறாரு, அந்த ஸ்க்ரீன்ஷாட்ட காட்டினப்போ நைனா "எந்தப் பொண்ணுடா போட்டுச்சு"ன்னு கேட்டுச்சே, ஞாபகம் கீதா? அன்னிக்கு எல்லாரும் பிரியாணி துன்னுகினு கீறப்போ காத்திவாக்கம் அத்தை "ஏன் ஆலிஸு, எந்தம்பி உயில் கியில் எதுனா எழுதி வெச்சானா? வூடு யாருக்கு?"ன்னு கேட்டுச்சு. எழுதலன்னு அம்மா சொல்லிச்சு. அத்தோட நான் வாய மூடிகினு லெக் பீஸப் பாத்திருக்கலாம். "உயில் இல்லாட்டி இன்னா அத்தை, தலைவரு வீடியோ கீது"ன்னு ஃபோன்ல போட்டேன். ஜெபத்துக்கு வாடகைக்கு எட்த்த ஸ்பீக்கரு என் ஃபோன்லயே கனெக்ட்டாகி கீதுன்னு ஆண்டவர் மேல சத்தியமா மறந்துட்டேன்க்கா. "வணக்கம் வாரிசுகளே!"ன்னு தெரு முச்சூடும் கேட்டுச்சு. "கிறிஸ்தவக் குடும்பத்துல அப்பா உயில் எழுதாம செத்தா, பொண்டாட்டிக்கு மூணுல ஒரு பங்கு. அவர் பெத்த புள்ளைக்கு மீதி ரெண்டு. பொண்டாட்டி கூட்டினு வந்த புள்ளைக்கு? ஒண்ணும் கெடையாது!" அதுக்கு டொய்ங்ன்னு ஒரு மூசிக் வேற. அப்பகூட நான் நிறுத்தல. "அதாவது அத்தை, ரூத்தக்கா லீகலா ஸ்டெப் டாட்டரு, அதுக்கு வராது, எனக்கும் அம்மாவுக்கும்தான்"னு பரிச்சைல பாஸானவன் கணக்கா விளக்கம் குட்த்தேன்.

நீ அம்மாவோட மொத வூட்டுக்காரர் பொண்ணு, நான் நைனாவோட மொத சம்சாரத்துப் புள்ள. இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா இருவத்தோரு வருசமா நம்ம வூட்ல யாரும் வாயால சொன்னது இல்லக்கா. நான்தான் ஸ்பீக்கரு போட்டு சொன்னேன்.

நீ கையக் கழுவின. "அலெக்ஸு, ஃபிரிட்ஜுல தயிர் பச்சடி கீது, எட்த்து எல்லாருக்கும் போடு"ன்ன. பைய மாட்டிகினு போய்ட்ட. நான் நெஜமாவே பச்சடி போட்டுகினு இருந்தேன்க்கா.

அன்னியிலேர்ந்து ஒரே பேஜாரு. அம்மா எங்கிட்ட பேசறது இல்ல, தட்டுகிட்டதான் பேசுது. "துன்னுட்டு கழுவி வெக்கச் சொல்லு"ன்னு தட்டுக்கு ஆர்டரு போடுது. எல்லாத்தையும் சரி பண்ணலாம்னு தலைவருக்கு கமெண்டுல மேட்டர ஃபுல்லா எழுதிக் கேட்டேன், தெரு பேரோட. அவரு பதில் சொல்லாம 'அக்காவை விரட்டிய தம்பி'ன்னு ஒரு ஷார்ட்ஸு போட்டுட்டாரு. ரெண்டு லட்சம் பேரு பாத்துட்டாங்கோ. மார்க்கெட்டுக்குப் போயி நெத்திலி கேட்டா "லீகலா உனக்கு நெத்திலி கெடையாது, போ"ங்குது மீன்கார அக்கா. கண்டெய்னர் யார்டுல சூப்பர்வைசர் கமாலுதீன் பாய் டீய நீட்டிகினு "இந்தா வாரிசு, குடி"ங்கறாரு. சேனல அன்சப்ஸ்க்ரைப் பண்ணிட்டேன்.

அதனால ஒரு முடிவு எட்த்துகீறேன். எனக்கு வர்ற ரெண்டு பங்குல ஒண்ண உன் பேர்ல எழுதிடறேன். அம்மா, நீ, நான், ஆளுக்கு ஒண்ணு. ஸ்கூலுக்குப் போசொல்ல கண்டெய்னர் லாரிங்க நடுவுல என் கையப் புட்ச்சு இட்டுகினு போனியே, அதுக்கெல்லாம் எந்த செக்‌ஷன்ல பங்கு வரும்னு தலைவரு சொல்லல. என் வூட்ல உனக்கு எப்பவும் எடம் கீது. மாடி ரூம நீ எட்த்துக்க, நான் ஹால்ல குந்திக்கறேன். கல்லறைத் திருநாளுக்காச்சும் வந்துடு. "ரூத்து வராம நானும் வர மாட்டேன்"னு அம்மா தட்டுகிட்ட சொல்லிடுச்சு. நைனா கல்லறைல நான் ஒண்டியா மெழுகுவத்தி ஏத்திகினு நின்னா நல்லாவா கீது?

ஃபரா அக்காவுக்கு என் சலாம். அவுங்க அம்மாவுக்கு மருவாதி. மாதா உன்ன நோய் நொடி இல்லாம காப்பாத்தணும்.

இப்படிக்கு, நீ எங்க அறைஞ்சாலும் வாங்கிக்க ரெடியா கீற தம்பி,
அலெக்ஸாண்டர்

பி.கு: கவர ஒட்டறதுக்குள்ள, உன் பங்க எழுதறதுக்காக ஆன்லைன்ல அப்ளை பண்ண வில்லங்கச் சான்று ஃபோனுக்கு வந்துச்சு. பாத்தா நைனா பேரே அதுல இல்லக்கா. மனையும் வூடும் தொண்ணூத்தாறுல சேவியர்னு ஒருத்தரு வாங்கினது. "யாரும்மா இந்த சேவியரு, நம்ம வூட்ட ஆட்டைய போட்டுகீறான்"னு கத்தினேன். அம்மா தட்ட வெச்சிட்டு என் மூஞ்சப் பாத்துச்சு. "ரூத்தோட அப்பாடா. உன்ன இடுப்புல தூக்கினு உங்க நைனா வந்து சேந்த வூடு இது"ன்னுச்சு. அவரும் உயில் எழுதலியாம். அப்போ அம்மாவுக்கு ஒண்ணு, உனக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணும் கெடையாது. மேல நான் பெரிய மனசு பண்ணி குட்த்த பங்கு, மாடி ரூமு, ஹாலு எல்லாத்தையும் அடிச்சிடு. "ஏம்மா அன்னிக்கே சொல்லல?"ன்னேன். "அப்பன் போயி முப்பது நாளு. வூடும் உனுது இல்லன்னு எப்படிடா சொல்றது"ங்குது. அக்காவுக்குத் தெரியுமான்னு கேட்டேன். நீ வாசல்ல செருப்பு மாட்டசொல்ல "அவன்கிட்ட சொல்லிடாதம்மா"ன்னு சொல்லிட்டுத்தான் போனியாம்.

இருன்னா இருக்கேன், கெளம்புன்னா கெளம்பறேன். எதுவா இருந்தாலும் வந்து சொல்லுக்கா.